அப்பாச்சி 2.4.29: "லோக்கல்" ஓட்டைதானே, அடுத்த மாதம் வரை விட்டுவைக்கலாமா?

புதுஅட்மின் (கேள்வி)

எல்லோருக்கும் வணக்கம். மூன்று வாரம் முன்பு ஒரு பழைய சர்வர் என் பொறுப்புக்கு வந்தது. உபுண்டு 18.04, அப்பாச்சி 2.4.29 வெப் சர்வர், அதற்குள்ளேயே பிஹெச்பி நிரல்களை ஓட்டும் மோட்-பிஹெச்பி. 40-க்குக் கொஞ்சம் மேல் தளங்கள் இருக்கின்றன. ஒவ்வொரு தளத்துக்காரரும் தங்கள் பிஹெச்பி கோப்புகளைத் தாங்களே எஸ்எஃப்டிபி வழியாக ஏற்றிக்கொள்கிறார்கள். ஷெல், அதாவது சர்வருக்குள் நுழைந்து கட்டளை தட்டும் வசதி, அவர்கள் யாருக்கும் கிடையாது.

நேற்று முதல்முறையாகப் பாதுகாப்பு ஓட்டைகளைத் தேடும் ஸ்கேனரை ஓட்டினேன். நீளமான அறிக்கை வந்தது. அதில் ஒரு வரி என்னைத் தூங்கவிடவில்லை: சிவிஇ-2019-0211 (ஓட்டையின் பதிவு எண்), தீவிர மதிப்பெண் 10-க்கு 7.8, லோக்கல் பிரிவிலேஜ் எஸ்கலேஷன், அதாவது சர்வருக்குள் இருக்கும் சாதாரணப் பயனர் தன் உரிமையை உயர்த்திக்கொள்வது, எல்லா உரிமையும் உள்ள ரூட் வரை போகலாம். மேலாளரிடம் காட்டினேன். "லோக்கல்னு போட்டிருக்கே. ஷெல் உங்களுக்கும் எனக்கும்தான் இருக்கு. அடுத்த மாச மெயின்டெனன்ஸ்ல பாத்துக்கலாம்" என்றார்.

அவர் சொல்வதை மறுக்க எனக்குத் தெரியவில்லை, ஒப்புக்கொள்ளவும் மனம் வரவில்லை. அப்பாச்சியின் புரொசஸ்கள் டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டா என்ற சாதாரணப் பயனராகத்தானே ஓடுகின்றன? அங்கிருந்து ரூட் ஆவது எப்படி? இந்த 2.4.29 உண்மையிலேயே ஓட்டை உள்ளதா, ஸ்கேனர் பதிப்பு எண்ணைப் பார்த்துவிட்டுச் சொல்கிறதா? இதை எப்படித் தெரிந்துகொள்வது?

விரைவுக்கை

2.4.17 முதல் 2.4.38 வரை பாதிப்பு. 2.4.39-ல் சரிசெய்துவிட்டார்கள். உங்களுடையது 2.4.29, ஆக ஓட்டை இருக்கிறது. புதிய பதிப்பின் மூல நிரலை இறக்கி கம்பைல் செய்து போட்டுவிடுங்கள், அரை நாள் வேலை.

பழையசர்வர்

கம்பைல் செய்ய வேண்டாம், நண்பரே. அதற்குக் காரணம் பிறகு சொல்கிறேன். முதலில் "லோக்கல்" என்ற அந்தச் சொல்லைப் பார்ப்போம். 2019 ஏப்ரலில் எனக்கும் இதே பதில்தான் கிடைத்தது.

அப்போது நான் பார்த்துக்கொண்டிருந்த சர்வரில் ஏறக்குறைய 200 தளங்கள். ஏப்ரல் 1-ம் தேதி 2.4.39 வெளிவந்தது. அறிவிப்பை மறுநாள் காலையில் படித்தேன். மேலே இருந்தவர் உங்கள் மேலாளர் சொன்னதையேதான் சொன்னார். நான் வாதாடவில்லை. ஏற்றும் உரிமை மட்டும் உள்ள ஒரு சோதனைக் கணக்கை உருவாக்கினேன், ஷெல் தரவில்லை. "இப்போது ஓடிக்கொண்டிருக்கும் பயனர் யார்" என்று அச்சிடும் மூன்று வரி பிஹெச்பி கோப்பை அதில் ஏற்றி, அவருடைய பிரவுசரிலேயே திறந்து காட்டினேன். டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டா என்று வந்தது. "ஷெல் இல்லாத ஆள் எழுதிய நிரல், நம் சர்வருக்குள், அப்பாச்சியின் வயிற்றுக்குள் ஓடுகிறது. லோக்கல் என்பதற்கு இந்த அறிக்கையில் பொருள் இதுதான்" என்றேன். அதற்கு மேல் அவர் எதுவும் கேட்கவில்லை.

பிஹெச்பி ஏற்றத் தெரிந்த ஒவ்வொருவரும் உங்கள் சர்வரில் லோக்கல் பயனர்தான். 40 பேரும் நல்லவர்களாகவே இருக்கட்டும். அவர்களில் ஒருவர் பழைய வேர்ட்பிரஸ் பிளகினை அப்டேட் செய்யாமல் வைத்திருந்து, அதன் வழியாக எவனோ ஒருவன் ஒரு கோப்பை ஏற்றிவிட்டால் அவனும் லோக்கல் பயனர் ஆகிவிடுகிறான். தனி ஓட்டையாக இருந்தால் ஒரு தளத்தோடு போகிற சேதம், இந்த ஓட்டையோடு சேரும்போது 40 தளங்களையும் அவற்றின் டேட்டாபேஸ் கடவுச்சொற்களையும் டிஎல்எஸ் (இணைப்பு மறைகுறியாக்க) சாவிகளையும் ஒரே வீச்சில் கொண்டுபோய்விடும்.

சரி, ரூட் எப்படி ஆகிறது? உங்கள் சர்வரில் புரொசஸ் பட்டியலைப் போட்டுப் பாருங்கள். அப்பாச்சி வரிசையில் முதலாவது மட்டும் ரூட்டாக ஓடும். அதுதான் தாய் புரொசஸ். 80, 443 போன்ற 1024-க்குக் கீழுள்ள போர்ட்டுகளைப் பிடிக்கவும், சாவிக் கோப்புகளைப் படிக்கவும், நடப்பதைப் பதியும் லாக் கோப்பைத் திறக்கவும் அதற்கு ரூட் வேண்டியிருக்கிறது. பக்கங்களைப் பரிமாறும் வேலையைப் பிள்ளைகள் செய்கின்றன. பிறந்தவுடன் அவை ரூட் உரிமையைக் களைந்துவிட்டு டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டா ஆகிவிடும். மோட்-பிஹெச்பி இந்தப் பிள்ளைகளுக்குள் ஓடுகிறது.

தாயும் பிள்ளைகளும் பேசிக்கொள்ள ஸ்கோர்போர்டு என்ற ஒரு பகிர்வு நினைவகம் இருக்கிறது. எந்தப் பிள்ளை சும்மா இருக்கிறது, எது வேலையில் இருக்கிறது என்பதெல்லாம் அதில் எழுதப்படும். பிள்ளைகள் தம் நிலையைத் தாங்களே எழுத வேண்டும் என்பதால் அவற்றுக்கு எழுதும் உரிமை உண்டு.

2.4.17-ல், பல கோர் உள்ள கணினிகளில் வேகம் கூட்டுவதற்காக, இணைப்புகளைக் கேட்கும் சாக்கெட்டுகளைப் "பக்கெட்" என்று தொகுதி தொகுதியாகப் பிரித்தார்கள். ஒவ்வொரு பக்கெட்டுக்கும் ஒரு மியூடெக்ஸ், அதாவது ஒரு நேரத்தில் ஒருவரே நுழையும்படியான பூட்டு. எந்தப் பிள்ளைக்கு எந்தப் பக்கெட் என்ற எண்ணையும் ஸ்கோர்போர்டிலேயே குறித்தார்கள். பழைய பிள்ளை போய்ப் புதுப்பிள்ளை வரும்போது, தாய் அந்த எண்ணைப் படித்து, பக்கெட் வரிசையில் அத்தனையாவதை எடுத்துப் புதியவனிடம் கொடுக்கும். அந்த எண் வரிசைக்குள் அடங்குகிறதா என்ற சோதனை இல்லை. எழுதியது உரிமை குறைந்த பிள்ளை, படித்து நம்புவது ரூட். பிழை முழுவதும் இந்த ஒரு இடத்தில்தான்.

பிள்ளைக்குள் நுழைந்த ஒருவன் அந்த எண்ணை மாற்றி எழுதினால், தாய் வரிசைக்கு வெளியே, அவனே தயார்செய்து வைத்த நினைவகப் பகுதியைப் பக்கெட் என்று நினைத்து எடுக்கும். புதுப்பிள்ளை முதல் வேலையாக அந்தப் பக்கெட்டின் மியூடெக்ஸைத் தொடக்கிவைக்கும், அதற்கு எந்தச் செயற்கூற்றை அழைப்பது என்ற முகவரியும் அதற்குள்ளேதான் இருக்கிறது. அந்த அழைப்பு நடக்கும் நேரத்தில் புதுப்பிள்ளை இன்னும் ரூட் உரிமையைக் களைந்திருக்காது. முகவரிகளைக் குலைத்துப் போடும் பாதுகாப்பு தடுக்காதா என்று தோன்றலாம். பிள்ளைகள் தாயிடமிருந்து ஃபோர்க் ஆகி, அதாவது அதன் நகலாகப் பிறந்தவை, தாயின் நினைவக அமைப்பேதான் அவற்றுக்கும். ஆக அங்கே மறைக்க அதிகம் இல்லை.

சாதாரண பிஹெச்பி ஸ்கிரிப்ட்டால் நினைவகத்தில் நேரடியாக எழுத முடியாது என்பது உண்மை. பிஹெச்பியின் சொந்த நினைவகப் பிழை ஒன்றும் வேண்டும். இதைக் கண்டுபிடித்த சார்ல் ஃபோல் அப்படி ஒன்றையும் சேர்த்தே காட்டினார். வேண்டுமென்றே எழுதிய கெட்ட ஸ்கிரிப்ட்டால் மட்டும் வெளிப்படும் பிழைகளை பிஹெச்பி குழு பாதுகாப்புப் பிழையாகக் கணக்கில் எடுப்பதில்லை. ஆகவே அந்தப் பக்கம் ஒரு சுவர் இருக்கிறது என்று நம்பி உட்கார்ந்திருக்க முடியாது.

எனக்கு அன்று வயிற்றைப் பிசைந்த விஷயம் நேரம். பிள்ளைகள் அப்படி ஒட்டுமொத்தமாக மாற்றப்படுவது, தாயை நிறுத்தாமல் பிள்ளைகளை மட்டும் புதுப்பிக்கும் கிரேஸ்ஃபுல் ரீஸ்டார்ட்டின்போது. தாக்குபவனால் அதைச் செய்யவைக்க முடியாது, தாய்க்குச் சிக்னல் அனுப்ப ரூட் வேண்டும். ஆனால் அவன் செய்யவைக்க வேண்டியதே இல்லை! லாக்ரொட்டேட் என்ற கருவி பழைய லாக்கை ஒதுக்கிவிட்டு, புதுக் கோப்பில் எழுதவைப்பதற்காக அப்பாச்சியை கிரேஸ்ஃபுல்லாக எழுப்பும். டெபியன், உபுண்டு குடும்பத்தில் தினசரி கிரான் வேலைகளின் (குறித்த நேரத்தில் தானாக ஓடுபவை) வழக்கமான நேரம் காலை 6:25. இரவில் எண்ணை மாற்றிவைத்துவிட்டுக் காத்திருந்தால் போதும், விடிந்ததும் சர்வரே அவனுக்கு ரூட்டைத் தந்துவிடும். ஃபோல் இதற்கு வைத்த பெயர் கார்பே டியம். சிவிஇ-2019-0211 அப்பாச்சி ரூட் பிரிவிலேஜ் எஸ்கலேஷன் என்பதன் ஆங்கில முதலெழுத்துகளும், நாளுக்கு ஒருமுறை நடப்பதும் சேர்ந்த பெயர்.

அறிவிப்பைப் படித்த அன்று மாலை வரை எங்கள் லினக்ஸ் விநியோகத்தின் (உபுண்டு, டெபியன் போன்றவை) திருத்தம் எனக்கு வந்துசேரவில்லை. லாக்ரொட்டேட் அமைப்பில் கிரேஸ்ஃபுல் வரியை எடுத்துவிட்டு, முழுதாக நிறுத்தி மறுபடி தொடங்கும்படி மாற்றினேன். முழுதாக நிறுத்தினால் பழைய ஸ்கோர்போர்டே போய்விடும், அதில் எவன் எதை எழுதியிருந்தாலும் சேர்ந்து போய்விடும். சில வினாடி தளங்கள் எழாது, பரவாயில்லை என்று முடிவுசெய்தேன். மறுநாள் 6:25-க்கு லாக்கைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஓரிரு நாளில் பேக்கேஜ் வந்தது, போட்டேன். அடுத்த சில நாட்களிலேயே விரிவான விளக்கமும் ஓடக்கூடிய மாதிரி நிரலும் பொதுவெளிக்கு வந்துவிட்டன. ஒரு மாதம் தள்ளியிருந்தால் அந்த ஒரு மாதமும் அந்த நிரல் யார் கையிலும் இருந்திருக்கும். உங்கள் விஷயத்தில் அது பல வருடங்களாக இருக்கிறது.

இனி உங்கள் மூன்றாவது கேள்வி. 2.4.29 என்ற எண்ணை வைத்து எதையும் முடிவுசெய்யாதீர்கள். விநியோகங்கள் பதிப்பை உயர்த்தாமல், திருத்தத்தை மட்டும் பழைய பதிப்புக்குள் கொண்டுவருவார்கள். உபுண்டு 18.04-ல் இந்தத் திருத்தம் வந்த பேக்கேஜ் 2.4.29-1உபுண்டு4.6. அப்பாச்சியிடம் பதிப்பு கேட்டால் திருத்தத்துக்கு முன்னும் பின்னும் 2.4.29 என்றே சொல்லும். ஆகவே நிறுவிய பேக்கேஜ்களைக் காட்டும் டிபிகேஜி பட்டியலில் முழு பேக்கேஜ் எண்ணைப் பாருங்கள், இல்லையென்றால் பேக்கேஜின் மாற்றக் குறிப்பில் 2019-0211 என்று தேடுங்கள். எதிர்ப்பக்கமும் நடக்கும்: ரெட்ஹேட் 7-ல் இருந்தது 2.4.6. பார்க்க மிகப் பழையது, ஆனால் பக்கெட் வருவதற்கு முந்தியது என்பதால் இந்த ஓட்டை அதில் இல்லவே இல்லை.

கம்பைல் வேண்டாம் என்றதும் இதனால்தான். இன்று கையால் ஒன்றைப் போட்டால், நாளைக்கு வரும் ஒவ்வொரு திருத்தத்தையும் நீங்களே கவனித்து நீங்களே போட வேண்டும். உங்களுக்குப் பின் வருபவருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாமல் போகும்.

புதுஅட்மின்

மிக்க நன்றி. படித்த கையோடு பார்த்தேன். 2.4.29-1உபுண்டு4.4 என்று வருகிறது. அதாவது திருத்தம் இல்லை! சாதாரண அப்டேட் ஏன் போடவில்லை என்று தேடினால், பேக்கேஜ் ஹோல்டில் இருக்கிறது, அதாவது அப்டேட் ஆகாதபடி நிறுத்திவைத்திருக்கிறார்கள். முன்பிருந்தவர், அப்டேட் செய்தால் ஒரு மாட்யூல் ஏறுவதில்லை என்று ஒரு உரைக்கோப்பில் குறித்து வைத்திருக்கிறார். அந்த மாட்யூலை இப்போது எந்தத் தளமும் பயன்படுத்துவதாகத் தெரியவில்லை.

இன்று இரவே ஹோல்டை எடுக்கிறேன். மோட்-பிஹெச்பியை விட்டு, பிஹெச்பியை அப்பாச்சிக்கு வெளியே தனி சர்வீஸாக ஓட்டும் பிஹெச்பி-எஃப்பிஎம்முக்கு மாறிவிட்டால் இந்த வகைப் பிரச்சினையே தீர்ந்துவிடும் அல்லவா?

பழையசர்வர்

அப்டேட் முடிந்ததும் கிரேஸ்ஃபுல் செய்யாதீர்கள். முழுதாக நிறுத்துங்கள், பட்டியலில் ஒரு அப்பாச்சி புரொசஸும் இல்லை என்று கண்ணால் பாருங்கள், பிறகு தொடங்குங்கள். ஸ்கோர்போர்டில் யாராவது ஏற்கெனவே கைவைத்திருந்தால், அவர்கள் காத்திருப்பதே கிரேஸ்ஃபுல்லுக்குத்தான். அந்த மாட்யூலை முதலில் அமைப்பிலிருந்து நீக்கிவிட்டு அமைப்புச் சோதனையை ஓட்டிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் நடுராத்திரியில் அப்பாச்சி எழாமல் நிற்கும். எஃப்பிஎம் பற்றி இங்கே என்னைவிட அறிந்தவர் இருக்கிறார்.

எஃப்பிஎம்ஆள்

எஃப்பிஎம்முக்கு மாறுங்கள், நல்ல முடிவு. ஒவ்வொரு தளத்துக்கும் தனிப் பூல் (பிள்ளைகளின் தொகுதி), தனிப் பயனர் வைக்கலாம். கோப்பு உரிமைகளைச் சரியாக வைத்தால், ஒரு தளத்தின் பிஹெச்பி இன்னொரு தளத்தின் கோப்பைப் படிக்க முடியாது. பிஹெச்பி அப்பாச்சியின் பிள்ளைக்குள் ஓடாது என்பதால், அப்பாச்சியின் ஸ்கோர்போர்டும் அதன் கைக்கு எட்டாது.

ஆனால் "இந்த வகைப் பிரச்சினையே தீர்ந்தது" என்று மட்டும் எழுதி வைக்காதீர்கள். நான் அப்படித்தான் நம்பியிருந்தேன். 2021 அக்டோபரில் சிவிஇ-2021-21703 வந்தது. எஃப்பிஎம்மிலும் ரூட்டாக ஓடும் ஒரு தாய், உரிமை குறைந்த பிள்ளைகள், நடுவில் ஒரு பகிர்வு நினைவகம். அதன் பெயரும் ஸ்கோர்போர்டுதான். பிள்ளை அதில் எழுதியதை நம்பி ரூட் தாய் நினைவகத்தைத் தொட்டது. கண்டுபிடித்தவரும் அதே சார்ல் ஃபோல். பிஹெச்பி 7.4.25, 8.0.12 ஆகியவற்றில் திருத்தினார்கள், 7.3 வரிசையில் 7.3.31 வரை பாதிப்பு. 18.04-ன் பிஹெச்பி 7.2, அங்கேயும் பதிப்பு எண்ணைப் பார்க்காமல் மாற்றக் குறிப்பைப் பாருங்கள்.

எல்லாத் தளமும் ஒரே பயனராக ஓடினால் போதும் என்றால் எஃப்பிஎம்மின் தாயை ரூட் இல்லாமலே தொடங்கலாம். பூலுக்கு ஒரு பயனர் வேண்டும் என்றால், பயனருக்கு ஒரு தனி எஃப்பிஎம் சர்வீஸ் என்று, சர்வீஸ்களைத் தொடங்கிக் கவனிக்கும் சிஸ்டம்டி-யில் வைக்கலாம். நான் இப்போது அப்படித்தான் வைத்திருக்கிறேன். நினைவகம் கொஞ்சம் கூடுதலாகச் செலவாகிறது, அது எனக்குச் சம்மதம்.

பழையசர்வர்

இதோடு இன்னொன்றையும் இன்று இரவே பாருங்கள், புதுஅட்மின். பிள்ளை எழுதக்கூடிய ஒன்றை ரூட் நம்புவது நினைவகத்தில் மட்டும் நடப்பதில்லை, கோப்பிலும் நடக்கும். 2016-ல் டெபியனின் என்ஜின்எக்ஸ் (இன்னொரு வெப் சர்வர்) பேக்கேஜில் வந்த சிவிஇ-2016-1247 அப்படிப்பட்டது. /வார்/லாக்/என்ஜின்எக்ஸ் அடைவு டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டாவுக்குச் சொந்தமாக இருந்தது. அந்த அடைவு தன்னுடையது என்றால் உள்ளே இருக்கும் லாக் கோப்பை அழித்துவிட்டு, அதே பெயரில் வேறெங்கோ இருக்கும் ஒரு சிஸ்டம் கோப்புக்கு சிம்லிங்க், அதாவது அதைச் சுட்டும் குறுக்குவழி, வைக்கலாம். லாக்ரொட்டேட் வந்து சிக்னல் தரும்போது, ரூட்டாக ஓடும் தாய் அந்தப் பெயரைத் திறக்கும். லாக் என்று நினைத்துத் திறந்தது வேறு கோப்பாக இருக்கும். என்ஜின்எக்ஸ் நிரல் பிழையில்லை, ஒரு அடைவின் உரிமை மட்டுமே பிழை. காத்திருக்க வேண்டிய நேரமும் அதே 6:25.

லாக் அடைவில் எழுதக்கூடியவர் ஏறக்குறைய நிச்சயமாக ரூட் ஆகலாம் என்று அப்பாச்சியின் ஆவணமே எச்சரிக்கிறது. இதற்கு எந்தப் பேட்சும் வராது, ஸ்கேனரும் பெரும்பாலும் சொல்லாது. ஒவ்வொரு தளத்தின் அமைப்புக் கோப்பையும் திறந்து எரர்லாக், கஸ்டம்லாக் வரிகள் எந்த அடைவைக் காட்டுகின்றன, அந்த அடைவும் அதற்கு மேலுள்ள அடைவுகளும் யாருக்குச் சொந்தம் என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். அலுப்பான வேலை. நான் சொன்ன எல்லாவற்றிலும் இதைத்தான் விடக்கூடாது என்பேன்.

புதுஅட்மின்

இரவு 11 மணிக்குத் தொடங்கி 2 மணிக்கு முடித்தேன். மாட்யூலை நீக்கி, ஹோல்டை எடுத்து, முழுதாக நிறுத்தி, புரொசஸ் பட்டியல் காலியாக இருப்பதைப் பார்த்துவிட்டுத் தொடங்கினேன். இப்போதுள்ள பேக்கேஜின் மாற்றக் குறிப்பில் 2019-0211 இருக்கிறது. எல்லாத் தளங்களும் எழுந்துவிட்டன.

ஆனால் நீங்கள் கடைசியாகச் சொன்னதுதான் என்னை உலுக்கிவிட்டது. 11 தளங்களின் லாக் அந்தந்தப் பயனரின் சொந்த அடைவுக்குள், "லாக்ஸ்" என்ற உள்ளடைவில் இருந்தது. தங்கள் லாக்கைத் தாங்களே இறக்கிப் பார்க்க வசதியாக யாரோ செய்து கொடுத்திருக்கிறார்கள். 11 பேருக்கும் அந்த அடைவில் எழுதும் உரிமை. உள்ளே சிம்லிங்க் எதுவும் இல்லை, ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டேன். ஸ்கேனர் அறிக்கையில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

காலையில் மேலாளரிடம் நீங்கள் செய்த மூன்று வரிச் சோதனையையே செய்து காட்டினேன். அடுத்த மாத மெயின்டெனன்ஸ் நேரத்தைப் புதிய உபுண்டுவுக்கும் எஃப்பிஎம்முக்கும் மாறுவதற்கு ஒதுக்கச் சொல்லியிருக்கிறார். அந்த 11 பேரும் லாக் கேட்பார்களே, எப்படிக் கொடுப்பது?

பழையசர்வர்

லாக்கை ரூட்டுக்குச் சொந்தமான அடைவில், தளத்துக்கு ஒரு கோப்பாக எழுதுங்கள். மணிக்கொருமுறை அதன் நகலை அவர்கள் அடைவுக்குக் கொண்டுபோகும் ஒரு சின்ன ஸ்கிரிப்ட் போதும். ஆனால் அந்த நகலை எழுதும் பகுதியை ரூட்டாக ஓட்டாதீர்கள், இல்லையென்றால் அதே ஓட்டையை நாமே மறுபடி கட்டிவிடுவோம். ரூட் லாக்கைப் படித்துக் குழாய் வழியாகத் தரட்டும், எழுதும் கட்டளை அந்தப் பயனராகவே ஓடட்டும். லாக்ரொட்டேட் அமைப்பிலும் அந்த 11 பழைய பாதைகள் இன்னும் இருக்கும். நாளைக் காலை 6:25-க்கு முன் அவற்றை எடுத்துவிடுங்கள்.